ஆறு புள்ளி எட்டு

பத்தே கால் மணி அடித்தாயிற்று. இருபது தலைகளும் குனிந்துவிட்டன. இனி ஒன்றே கால் வரைக்கும் எனக்கு நிற்பதுதான் வேலை. நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று பத்தொன்பது வருஷம் நினைத்திருந்தேன். ஒளிச்சேர்க்கையும் ஓம் விதியும் நின்றுகொண்டே நடத்தியவள்தானே. இப்போது தெரிகிறது, நிற்பது உடம்பு முழுக்கச் சேர்ந்து செய்கிற காரியம். கெண்டைக்கால் தள்ள வேண்டும், இதயம் இழுக்க வேண்டும், மேலே தலை அதற்குக் காத்திருக்க வேண்டும். இந்த அறையில் கண்காணிப்பாளருக்கு நாற்காலி கிடையாது. தமிழ்ப் பரீட்சையன்று பறக்கும் படை வந்தபோது பக்கத்து அறை சார் உட்கார்ந்தபடியே கண்ணசந்திருந்தாராம். இன்று காலையில் எல்லா அறை நாற்காலிகளையும் எடுத்து வராந்தா மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்கலாம். சுவரில் சாயலாம், சாய்ந்தால் புடவையில் சுண்ணாம்பு ஒட்டும். மாடிக்கு வரும்போது இருபத்திரண்டு படிகளை மூன்று தவணையாக ஏறினேன். நடுவில் நிற்க ஒரு காரணம் வேண்டுமே. முதல் தடவை செருப்பு வாரைச் சரி செய்தேன். இரண்டாவது தடவை கையிலிருந்த வினாத்தாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வந்த எட்டாம் அறை சார் பதறிப்போய், "என்ன டீச்சர், சீல் பிரிஞ்சிருக்கா?" என்று கேட்டார். "இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்றேன். சீல் நன்றாகத்தான் இருந்தது. காதுக்குள் யாரோ தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் கண்ணோரம் இருட்டு ஒரு விரற்கடை உள்ளே வந்து பின்வாங்கியது. பயமாக இருந்ததா என்றால், இல்லை, கவனமாக இருந்தது. பிராணவாயு குறைந்தால் இதயம் வேகமாக அடிக்கும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு நானே கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். படம் இப்போது அடிக்கிறது, அவ்வளவுதான். ஆறு புள்ளி எட்டு. சனிக்கிழமை டாக்டர் சுகந்தி ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். "இதோட எப்படி மாடி ஏறி வந்தீங்க?" என்றார். "ஏறித்தான் வந்தேன்" என்றேன். "ஏழுக்குக் கீழ போனா ரத்தமே ஏத்தணும்னு சொல்லுவோம். நீங்க சமாளிச்சு நடந்து வந்திருக்கீங்க, அதனால முதல்ல இரும்புச்சத்த ட்ரிப்ஸ்ல ஏத்திப் பாப்போம். ரெண்டு மூணு தடவை வரணும். அப்புறம் கர்ப்பப்பையில இருக்கிற அந்தக் கட்டிய என்ன பண்றதுன்னு பேசுவோம்." "பரீட்சை டூட்டி இருக்கு டாக்டர். முடிச்சிட்டு வந்துர்றேனே." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "யாருக்குப் பரீட்சை?" என்றார். "பத்தாம் வகுப்புக்கு" என்று சொன்னேன். படியிறங்கி வெயிலுக்கு வந்த பிறகுதான் அவர் கேட்டது அது இல்லை என்று பட்டது.

மாத்திரையில் நான் குறை வைத்தவள் இல்லை. போன ஆவணியில் இது ஆரம்பித்தது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரை. விழுங்கி அரை மணி நேரத்தில் இரும்புக் கேட்டை நக்கினாற்போல வாயெல்லாம் ஒரு ருசி வரும், பிறகு அடிவயிற்றிலிருந்து புரட்டும். மூன்றாம் பீரியடில் ஆசிரியர் அறைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன். கைத்தறிப் புடவைக்காரர் வந்திருந்த நாள் அது. எல்லா டீச்சரும் கூடி நின்றிருந்தார்கள். தையல் டீச்சர் புடவையை மடித்தபடியே, "என்ன ஜெசிந்தா, இந்த வயசுல விசேஷமா?" என்று கண்ணடித்தார். நாற்பத்து நான்கு வயசில் சிரிக்கத்தான் முடியும், சிரித்தேன். இரண்டாவது, தனியார் டாக்டர் எழுதிய பழுப்பு மாத்திரை. வாந்தி இல்லை, ஆனால் நான்கு நாள் வயிறு கல்லாகிவிட்டது. நான்காம் நாள் கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துக்கம் ஒன்றுமில்லை, தண்ணீர் வந்தது. மூன்றாவது டானிக். பல் கறுக்கும் என்று இளநீர்க் குழாய் வைத்து உறிஞ்சச் சொன்னார்கள். உறிஞ்சினேன், பல் தப்பித்தது, நாக்கு கறுத்தது. நான்காவது, உள்ளே சின்னச் சின்ன மணிகள் போட்ட கேப்சூல். அது மெதுவாகக் கரையுமாம். வலியும் மெதுவாக வந்து மெதுவாகப் போனது, விடியற்காலை மூன்று மணியிலிருந்து பால்காரர் வரும்வரைக்கும். ஒவ்வொன்றையும் பத்து நாள், பன்னிரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்தினேன். நிறுத்தியதை அருளிடம் சொல்லவில்லை. அவர் காலையில், "மாத்திரை போட்டியா?" என்பார், "ம்" என்பேன். அந்த மாத்திரை அதற்குள் கழிவறைத் தண்ணீரோடு போயிருக்கும். அருள் மோட்டார் காயில் கட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. எதையும் கழற்றிப் பார்த்தால் சரிசெய்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கறிக்கடைக்குப் போய் ஆட்டுச் சுவரொட்டி, மண்ணீரல்தான், வாங்கிவந்து, ரத்தம் ஊறும் என்று, அவரே அடுப்பில் வாட்டி மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார். தவக்காலத்தில் வீட்டில் கறி கிடையாது, அதற்கும் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "நோயாளிக்கு நோன்பு இல்லன்னு ஃபாதரே சொல்லிட்டாரு. தின்னு." ஈரல் மாதிரியும் இல்லாமல் கறி மாதிரியும் இல்லாமல் வாயில் மாவாகக் கரைகிற ஒன்று அது. அவர் எதிரே உட்கார்ந்து கடைசித் துண்டு வரை பார்த்துக்கொண்டிருப்பார். தின்றேன். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, மாதுளை, பீட்ரூட், இரும்புச் சட்டியில் குழம்பு. தெருவில் எல்லாருக்கும் ஒரு வழி தெரிந்திருந்தது. ஒருவருக்கும் எனக்கு மாதம் எத்தனை நாள் போகிறது என்பது தெரியாது. கடைசியில் மருந்துக்கடை கோமதிதான் வழி சொன்னாள். கல்லாப் பக்கம் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "தெனமும் போடாதீங்க டீச்சர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க, அதுலதான் உடம்பு நல்லா எடுத்துக்குதுன்னு இப்ப டாக்டருங்களே எழுதுறாங்க. சாப்பிட்டுட்டு நெல்லிக்கா ஜூஸோட போடுங்க. டீ காபி மட்டும் ரெண்டு மணி நேரத்துக்குக் கிட்ட வரக் கூடாது. உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க." கேட்டேன், சரி என்றார். போட்டேன். தங்கியது. வாந்தி இல்லை, கல் இல்லை, விடியற்காலை வலி இல்லை. காலண்டரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பென்சிலால் சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதின்மூன்று கோடு. சந்தோஷம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். பிறகு மாதவிலக்கு வந்தது, பன்னிரண்டு நாள் நின்றபாடில்லை. போன தடவை ஏழு புள்ளி நான்கு இருந்த கணக்கு ஆறு புள்ளி எட்டுக்கு இறங்கியது. அருள் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார், "மோட்டாரு ஓடுது, மேல டேங்க்ல தண்ணி நிக்கல. அப்பப் பைப்புலதான லீக்கு."

மின்விசிறி ஒரே வேகத்தில் சுற்றுகிறது. பங்குனி வெயில், பிள்ளைகள் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார்கள், எனக்குக் கை சில்லென்று இருக்கிறது. நகத்தைப் பார்த்தேன். நடுவே குழிந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. புத்தகத்தில் படித்ததுதான். எதுவும் புதிதில்லை, எல்லாம் பாடத்திலேயே இருக்கிறது. வியாழக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து நீல மாத்திரை கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு அறிவியல் டீச்சருக்கு, அதாவது எனக்கு. வரிசையாக வருவார்கள், உள்ளங்கையில் ஒன்று வைப்பேன், தண்ணீர் குடிப்பார்கள், "ஆ காட்டு, நாக்கத் தூக்கு" என்பேன். தூக்குவார்கள். நன்றாகச் சத்தம் போட்டிருக்கிறேன். "ஒரு மாத்திரை முழுங்கத் தெரியலயா? பன்னெண்டு வயசாச்சு, மூச்சு வாங்குது மாடி ஏற!" என்று. தை மாதம் கழிவறைக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சேற்றுக்குள் நீலமாக உப்பிப்போய், ஊறவைத்த மொச்சை மாதிரி, ஒரு கூடை இருக்கும். "என்ன டீச்சர் இது, ஏதாச்சும் வெதையா?" என்றார். "ஆமாண்ணே, அள்ளிக் கொட்டிருங்க" என்றேன். தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் ஏது? அன்று காலையில்தான் அந்த மணி போட்ட கேப்சூலை நான் தண்ணீரில் விட்டிருந்தேன். அடுத்த வியாழக்கிழமையும் "நாக்கத் தூக்கு" என்றேன், ஆனால் யார் நாக்கையும் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பதினொன்று அடிக்கப் போகிறது. முகப்புத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், போட வேண்டும். நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். படத்தில் இருக்கிற முகமும் குனிந்திருக்கிற முகமும் ஒன்றா என்று பார்த்து, நம்பரைச் சரிபார்த்து, கீழே கட்டத்தில் என் பெயர். குனிந்தால் தலைக்குள் ஏதோ ஒன்று முன்பக்கம் சரிகிறது, நிமிர்ந்தால் பின்பக்கம் சரிகிறது. ஒரு பையன் கடிதம் எழுதுகிற கேள்விக்குத் தன் சொந்த முகவரியையே எழுதியிருக்கிறான், எழுதக் கூடாது, சொல்லவும் கூடாது. எல்லா மேஜைக்கும் போய்விட்டுக் கரும்பலகை பக்கம் வந்தேன். பாடம் ஆங்கிலம், வந்தோர் இருபது, வராதோர் இல்லை. என் கையெழுத்துத்தான், கொஞ்சம் கீழ்நோக்கி இறங்கியிருக்கிறது. பலகைக்கு அடியில் சட்டத்தில் சாக்பீஸ், பாதி தேய்ந்தது, வெள்ளை.

இதைத்தான் டாக்டரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அவர் கேட்டார், "மண்ணு, சாம்பல், பச்சரிசி, ஐஸ், இப்படி ஏதாவது திங்கணும்போல இருக்கா?" "ஐஸ் தோணும்" என்று மட்டும் சொன்னேன். ஐஸ் மரியாதையான பொருள். அரிசியைச் சொல்லவில்லை. குக்கரில் போடக் களைவதற்கு முன்னால் ஒரு கை அள்ளி வாயில் போட்டு மெல்வது. கறுக் கறுக்கென்று உடைந்து பாலாகும். அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க மிக்ஸியைப் போட்டிருக்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லாமல். அம்மாவும் தின்பாள். முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு கை முறத்தில், ஒரு கை வாயில். நான் கை நீட்டினால் தட்டிவிடுவாள், "பச்சரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்டி" என்று. "அப்ப நீ?" என்பேன். "எனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சு போச்சே" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது ஈறு வெள்ளையாகத் தெரியும். எல்லார் அம்மாவுக்கும் ஈறு வெள்ளைதான் என்று நினைத்திருந்தேன். பதின்மூன்று வயசில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலில் வாடகைக் கார் நின்றது. அம்மாவுக்கு மூன்று வாரமாக ரத்தம் நிற்கவில்லை என்று அத்தை யாரிடமோ மெதுவாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கோட்டுப் போட்ட ஒருவர் அப்பாவிடம் சொன்னது இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறது, "இந்தம்மா உடம்புல ரத்தமே இல்லய்யா. கர்ப்பப்பைய எடுக்கணும், அதுக்கு மொதல்ல ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணு." ரத்தமே இல்லை என்றால் எப்படிக் கண் சிமிட்டுகிறாள் என்று நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் சித்தப்பாவும் பஸ் ஏறி மதுரைக்குப் போனார்கள். சாயங்காலம் ஐஸ் வைத்த தெர்மகோல் பெட்டியோடு ஓடிவந்தார்கள். அதற்குள் அம்மாவை மூடிவிட்டிருந்தார்கள். அப்பா அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். அம்மாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு. இதில் பயப்பட ஒன்றுமில்லை. அது முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தியது. இப்போது ரத்தம் அரை மணி நேரத்தில் வருகிறது, இரும்பு குழாயில் ஏறுகிறது, கட்டி என்பது ஒரு எலுமிச்சம்பழ அளவு, கெட்ட கட்டி இல்லை, ஸ்கேனில் தெளிவாக எழுதியிருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் அந்தத் தெர்மகோல் பெட்டி வந்து நிற்கிறது. அருளுக்கு இது தெரியாது. தன் மாமியார் சின்ன வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால், பெண் பார்க்க வந்த அன்று அத்தை அப்படிச் சொன்னாள், நான் மறுக்கவில்லை, பிறகு இருபது வருஷம் ஓடிவிட்டது.

எடுத்தேன் என்று ஞாபகமில்லை. சாக்பீஸ் கையில் இருந்தது, பிறகு வாயில் இருந்தது. நுனி மட்டும்தான், ஒரு பருக்கை அளவு. மழைக்கு முந்தின மண்சுவர் மாதிரி ஒரு மணம், பல்லுக்கிடையில் நறநறவென்று, பிறகு நாக்கில் எச்சில் முழுவதையும் அது உறிஞ்சிக்கொண்டது. சுகமாக இருந்தது. இவ்வளவு சுகம் ஒரு பொருளில் இருக்கக் கூடாது. கண்ணைத் திறந்தபோது மூன்றாம் வரிசை நடு மேஜைப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரட்டைச் சடை, மெலிந்த கழுத்து, பேனா தாளில் அப்படியே நின்றிருந்தது. பெயர் யோகலட்சுமி. முகப்புத் தாளில் படித்தது ஞாபகம் இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன், அது தாளைப் பார்த்தது. சரி, பார்த்துவிட்டது. வேறு பள்ளிப் பிள்ளை, இன்றோடு போய்விடும். பஸ்ஸில் தோழிகளிடம் சொல்லும், அந்த டீச்சர் சாக்பீஸ் தின்னுது என்று. சொல்லட்டும். வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். பன்னிரண்டு அடித்துச் சற்று நேரத்தில் அதே பிள்ளை கையைத் தூக்கியது. தையல் மிஷின் ஒரு மிதி தவறியது. பக்கத்தில் போனேன். "என்ன?" என்றேன், வேண்டிய அளவுக்கு மேல் கறாராக. "மிஸ், என் தாள்ல நீங்க கையெழுத்துப் போடல மிஸ்." போட்டேனே. இந்தப் பெயரைப் படித்தேன், படத்தில் சடை முன்னால் கிடந்ததைப் பார்த்தேன், பேனா கொஞ்சம் திக்கியது, போட்டேன். கட்டம் காலியாக இருந்தது. முன் மேஜையைப் பார்த்தேன், காலி. பின் மேஜை, காலி. மூன்றாம் வரிசை ஐந்து பேருக்கும் போடவில்லை. போட்டது ஞாபகத்தில் இருக்கிறது, தாளில் இல்லை. ஐந்தையும் போட்டேன். ஐந்தாவதில் என் பெயரை எழுதும்போது நடுவில் ஓர் எழுத்துக்கு அப்புறம் என்ன எழுத்து என்று ஒரு நொடி நிற்க வேண்டியிருந்தது. பிறகு சுவரில் சாய்ந்தேன். சுண்ணாம்பு ஒட்டினால் ஒட்டட்டும். கீழே கட்டும்போது கண்டுபிடித்திருப்பார்கள், திருப்பி அனுப்பியிருப்பார்கள், நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அவ்வளவுதான், பெரிய ஆபத்தில்லை. ஆனால் அடுத்த பரீட்சை கணக்கு. ஒருத்தியின் படம் போட்ட தாளை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, சரியாகக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இருந்தால்? படியில் விழுவேன், மயங்குவேன் என்பதையெல்லாம் நான் யோசித்து வைத்திருந்தேன். விழுந்தால் நான்தானே விழுவேன் என்று ஒரு தைரியம். இது என் உடம்பு விஷயம் என்றே இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். இந்தப் பிள்ளைகள் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்து என் கையெழுத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். அதன்பிறகு ஒரு மணி நேரம், இருபது பேரையும் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் இருபது வந்தது. ஒரு தடவை மட்டும் பத்தொன்பது வந்தது, திரும்ப எண்ணினேன்.

ஒன்றே கால் மணி அடித்ததும் தாள்களை வாங்கி நம்பர் வரிசையில் அடுக்கினேன். பிள்ளைகள் வராந்தாவில் போய் விடையை ஒப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். யோகலட்சுமி மட்டும் பேனாப் பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "போகலாம்மா" என்றேன். "மிஸ், நான் அரிசி திம்பேன்" என்றது. நான் தாளை எண்ணுவதை நிறுத்தினேன். "எங்கம்மா பாத்தா அடிக்கும். அதான் ரேசன் அரிசிச் சாக்குல இருந்து எடுத்துச் சட்டைப் பைல வச்சுக்குவேன்." "உங்க ஸ்கூல்ல வியாழக்கிழமை மாத்திரை தராங்களா?" "தராங்க மிஸ். நாக்குக்கு அடியில வச்சிருந்து வெளிய வந்து துப்பிருவேன். வாந்தி வருது மிஸ், அதப் போட்டா." "நாக்கத் தூக்கச் சொல்ல மாட்டாங்களா?" "கன்னத்துக்குள்ள தள்ளிக்குவோம்." இது எனக்குத் தெரியாத வித்தை. "நல்லாச் சோறு சாப்பிட்டுட்டு உடனே போட்டுப் பாரு. வெறும் வயித்துல போடாத. உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணு. அரிசி திங்கிறேன்னு அங்க சொல்லு, வெக்கப்படாம." "நீங்க மாத்திரை போடுவீங்களா மிஸ்?" "போடுறேன்." "அப்புறம் ஏன் மிஸ் சாக்பீஸு?" பொய் சொல்ல நேரம் இருந்தது. "பத்தல" என்றேன். அது தலையை ஆட்டிவிட்டுப் போனது.

கீழே அலுவலக அறையில் தாள்களை ஒப்படைக்க எனக்கு முன்னால் மூன்று பேர். முதன்மைக் கண்காணிப்பாளர் தணிகாசலம் சார், துறை அலுவலர், எழுத்தர், கட்டுக் கட்டுகிற ஒருவர், நான்கு பேரும் ஆண்கள். என் முறை வந்தது. எண்ணினார்கள், இருபது. கையெழுத்துப் போட்டேன். நகராமல் நின்றேன். "என்ன மேடம்?" என்றார் தணிகாசலம் சார். "கணக்குக்கும் சோஷியலுக்கும் என்னால வர முடியாது சார். வேற ஆள் போட்டுக்கங்க." "ஏன், வீட்ல ஏதும் விசேஷமா?" "உடம்பு சரியில்ல சார்." அவர் சிரித்தார். "யாருக்கு மேடம் சரியா இருக்கு? எனக்குச் சுகர் முன்னூறு. ரெண்டு நாள் தள்ளிட்டா லீவுதான." சரி சார் என்று சொல்லி வெளியே வருவதற்கு என் கால் திரும்பிவிட்டது. அது அதற்குப் பழக்கம். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன், "எனக்கு ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு சார். கர்ப்பப்பையில கட்டி. மாசத்துல பன்னெண்டு நாள் ரத்தம் போகுது. இன்னிக்கு அஞ்சு பேருக்குக் கையெழுத்துப் போடாம விட்டுட்டேன். போட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு பிள்ளை சொல்லித்தான் தெரிஞ்சுது. நாளன்னைக்கு எத விடுவேன்னு எனக்கே தெரியாது." கட்டுக் கட்டுகிறவர் சணல் முடிச்சைப் பிடித்தபடி நிறுத்தினார். எழுத்தர் குண்டூசி டப்பாவைப் பார்த்தார். வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். "ரிசர்வ்ல யாரு இருக்கா?" என்று எழுத்தரைக் கேட்டார். "பரிமளா டீச்சர் இருக்காங்க சார்." "கூப்பிட்டுச் சொல்லிரு. மேடம், ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவ்வளவுதான். ஆவணியிலிருந்து நான் ஒளித்து வைத்திருந்தது, ஒரு கட்டு முடிச்சு விழுகிற நேரத்தில் முடிந்துபோயிற்று. நின்றபடியே கடிதம் எழுதினேன். உடல்நலக் குறைவு என்று எழுதத்தான் கை போனது, எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். கடுமையான ரத்தசோகை காரணமாக என்று எழுதினேன். காலையில் ஒப்படைத்திருந்த போனை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து டாக்டர் சுகந்தியின் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். நர்ஸ் எடுத்தாள். "இன்னிக்கே வாங்க டீச்சர், மூணு மணிக்கு. டாக்டர் சனிக்கிழமையில இருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. சாப்பிட்டுட்டு வாங்க, ஒரு மணி நேரம் படுத்திருக்கணும்" என்றாள்.

அருள் கேட்டுக்கு எதிரே புளியமர நிழலில் வண்டியோடு நின்றார். கையெல்லாம் வார்னிஷ் கறை, கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். "எப்படி இருந்துச்சு?" என்றார், பரீட்சை எழுதியவளைக் கேட்கிற மாதிரி. "டூட்டி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். மூணு மணிக்கு ட்ரிப்ஸ் ஏத்த வரச் சொல்லிட்டாங்க." அவர் வண்டியில் மாட்டியிருந்த டிபன் பையைக் கழற்றிக் கொடுத்தார். மரத்தடியிலேயே நின்று தயிர்ச் சோறு சாப்பிட்டேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. மீதியை அவர் சாப்பிட்டார். வண்டி கிளம்பி மார்க்கெட் தெருவைத் தாண்டும்போது, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "எங்கம்மா காய்ச்சல்ல சாகலைங்க." "கேக்கல, சத்தமாச் சொல்லு" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மூடியிருந்த ஒரு நகைக்கடைப் படிக்கட்டு முன்னால் நிறுத்தினார். அங்கே வைத்துச் சொன்னேன். மூன்று வாரம் போனதை, வெள்ளைக்கோட்டுக்காரர் சொன்னதை, அப்பா கையில் இருந்த பெட்டியை. ரொம்ப நேரம் ஆகவில்லை. சொல்லும்போது என் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, சேற்றில் கிடந்த மாத்திரையைச் சொல்கிற மாதிரி. கடைசியில்தான் ஒரு வார்த்தை தானாக வந்தது. "பயமா இருக்கு" என்றேன். அருள் திரும்பாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எனக்கும் சனிக்கிழமையில இருந்து தூக்கம் இல்ல ஜெசி" என்றார். வண்டியை உதைத்தார். மூன்றாவது உதைக்குக் கிளம்பியது. "பள்ளம் பள்ளமா இருக்கு ரோடு. என்னைப் புடிச்சுக்க" என்றார். பிடித்துக்கொண்டேன்.